ஒர்க் ஏரியாவில் வளைந்த கண்ணாடி

எங்கள் பக்கத்தில் அடுக்களைக்குப் பின்னால் கம்பிவலை அடித்த ஒரு சின்ன அறை எல்லா வீட்டிலும் உண்டு. அதற்கு ஒர்க் ஏரியா என்று பெயர். வீடு கட்டும்போது முன்னறைக்கு டைல்ஸ் தேடி நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் அலைகிறவர்கள், ஒர்க் ஏரியாவுக்கு மிச்சம் விழுந்த டைல்ஸைப் போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். ஆனால் வீட்டு வேலையில் முக்கால்வாசி அங்கேதான் நடக்கும். மீன் கழுவுவது, தேங்காய் துருவுவது, மாவு ஆட்டுவது, துணி துவைப்பது எல்லாம் அங்கேதான். மணவாளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் மட்டும் கூடுதலாக ஒன்று நடந்தது. நான் அங்கே உட்கார்ந்து கண்ணாடி உருக்கினேன்.

ஒரு பக்கம் துவைகல். எதிர்ப்பக்கம் கிரைண்டர். நடுவில் கிணற்றடிக்குப் போகும் வழி. கிரைண்டரை ஒட்டி ஒரு மேசை போட்டு, அதில் கேஸ் டார்ச்சைப் பொருத்தி, நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்ததும் வழி பாதியாகிவிட்டது. வீட்டில் யாரும் தடை சொல்லவில்லை. கல்ஃபில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பிய என் கணவர், கேஸ் குழாயை மட்டும் இழுத்துப் பார்த்து, "லீக் இல்ல, செய்யி" என்றார். மாமியார் டார்ச்சின் நீல நெருப்பைப் பார்த்துவிட்டு, "இதுல அப்பளம் சுடலாமா?" என்று கேட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் வெளியூரில், ஆய்வுக்கூடங்களுக்குக் கண்ணாடிக் குழாய் செய்யும் ஓரிடத்தில் வேலை பார்த்தவள். அங்கே கற்ற வித்தை ஒன்றே ஒன்றுதான்: நேராகச் செய்வது. கண்ணாடித் தண்டை நெருப்பில் காட்டும்போது இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உருட்டல் ஒரு கணம் நின்றாலும், இளகிய இடம் தன் பாரத்திலேயே தொய்ந்துவிடும். தொய்ந்ததைக் குப்பையில் போடுவோம். போடும்போது மேற்பார்வையாளர் தண்டைப் பார்க்க மாட்டார், நம் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே என் கை நேராகிவிட்டது.

ஒர்க் ஏரியாவுக்கு வந்த பிறகு நான் செய்தவை மெல்லிய தண்டுகள். நுனியில் மொட்டு மாதிரி ஒரு சின்னக் குமிழ். நாலைந்தைச் சேர்த்து ஒரு பலகையில் நட்டால் அலமாரியில் வைக்கலாம். அவை வளைய ஆரம்பித்தன. ஒன்று அடியில் வளையும், இன்னொன்று கழுத்தில் வளையும், சிலது இரண்டு இடத்தில். கை பழக்கம் விட்டுப்போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு குப்பையில் போடக் கையில் எடுத்த ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கெட்டுப்போனது போல இல்லை. யாரோ கூப்பிட்டது காதில் விழுந்து தலையைத் திருப்பியது போல இருந்தது. குப்பையில் போட மனம் வரவில்லை.

நாகர்கோவிலில் ஒரு கண்காட்சியில் வைத்தபோது ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள். கடற்கரைத் தென்னை காற்றுக்கு வளைந்து நிற்கிறது என்றார் ஒருவர். பணிவு என்றார் ஒரு பேராசிரியர். ஒரு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, பிரார்த்தனை என்றார். நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். உள்ளூர எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. நேராகவே செய்யத் தெரிந்த கையில் இந்த வளைவு எங்கிருந்து வந்தது?

அந்தக் கேள்வி வெறும் வேடிக்கையாக இருந்தவரை தொந்தரவில்லை. தக்கலைப் பக்கம் புதுக் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி வந்தபோதுதான் அது வினையாயிற்று. அவர் வேலை பார்க்கும் பெண்கள் எல்லாரையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நான் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுத்தவள் இல்லை.

"வடக்கேருந்து சரவிளக்கு வாங்கித் தொங்கவிட்டா எல்லா மண்டபம் மாதிரியும் ஆயிப்போவும் டீச்சர். எனக்கு வாசல் முகப்புல இந்த வளையிய சாதனம்தான் வேணும். பெருசா வேணும். உள்ள வாறவன் அண்ணாந்து பாக்கணும்."

என் ஒர்க் ஏரியாவில் கையளவுக்கு மேல் நீளமாக எதையும் செய்ய முடியாது. நீட்டினால் துவைகல்லில் இடிக்கும். அதைச் சொன்னதும், மூடிக் கிடந்த தன் முந்திரி ஆலையின் குடோனைத் திறந்துவிட்டார். மண்டபத் திறப்புக்குள் ஆகவில்லையென்றால் சரவிளக்குக்குச் சொல்லிவிடுவேன் என்பதையும் சிரித்தபடியே சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டில் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதுவரை நான் செய்தவை அலமாரிச் சாமான். தூசி தட்டும்போது உடைந்தால், "போனால் போகட்டும்" என்கிற ஜாதி. இப்போதுதான் முதன்முறையாக, ஊரே நிமிர்ந்து பார்க்கிற இடத்தில் என் வேலை தொங்கப்போகிறது. அது நடக்கவில்லையென்றால் நான் கண்ணாடிக் கலைஞர் இல்லை, கைவேலை தெரிந்த மருமகள். அவ்வளவுதான்.

குடோன் ஒரு லாரி உள்ளே வந்து திரும்பிப் போகிற அகலம். ஓட்டுக் கூரையில் அங்கங்கே கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். வெயில் சதுரம் சதுரமாகத் தரையில் விழுந்து நகர்ந்துகொண்டே போகும். முந்திரித் தோட்டின் எண்ணெய் வாசனை சுவரில் ஊறிப்போயிருந்தது. முதல் நாள் நான் மேசையில் உட்காரவே இல்லை. சும்மா கைகளை விரித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன். எதிலும் இடிக்கவில்லை. சந்தோஷத்தில் தனியாகச் சிரித்தேன்.

அடுத்த நாள், அங்கே புதிதாகப் பொருத்திய பெரிய டார்ச்சைப் பற்றவைத்தேன். தண்டு நேராக வந்தது. இன்னொன்று செய்தேன். அதுவும் நேர். ஒரு வாரம் முழுக்க நான் எடுத்ததெல்லாம் நேராகவே நின்றன. பழைய மேற்பார்வையாளர் இருந்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார்.

வளையவைத்துப் பார்த்தேன். உருட்டலை வேண்டுமென்றே நிறுத்தினேன். வளைந்தது, ஆனால் பிளம்பர் வளைத்த பைப் மாதிரி இருந்தது. அண்ணாச்சி ஒருநாள் எட்டிப்பார்த்தார். வரிசையாகச் சாய்த்து வைத்திருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"நேரா நிக்கதுக்கு டியூப்லைட் போதாதா டீச்சர்?" என்றார்.

அவர் போன பிறகு அழுகை வந்தது. அழுது முடித்ததும், ஏன் வளையவில்லை என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று வீம்பு வந்தது. அறைதான் மாறியிருக்கிறது, கை அதே கை. அப்படியென்றால் அந்த அறையில் இருந்த எதுவோ ஒன்று இங்கே இல்லை. அது என்ன?

காற்று என்றார் என் கணவர். ஏசி மெக்கானிக்குக்கு உலகத்தில் எல்லாமே காற்றோட்டம்தான். "ஏட்டி, கடல் காத்து கம்பிவலைக்குள்ள கூடி வந்து நெருப்பத் தள்ளியிருக்கும். அதாக்கும் சங்கதி." தென்னை என்று சொன்னவரும் இதையேதான் சொன்னார் என்பதால் எனக்கும் நம்பிக்கை வந்தது. வீட்டிலிருந்து டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து, பல தூரத்தில், பல வேகத்தில் வைத்துப் பார்த்தோம். நெருப்பு வளைந்தது, கண்ணாடி வளையவில்லை. கேஸ்தான் வீணாயிற்று.

குடோனுக்கு மேசை செய்துகொடுத்த ஆசாரி வேறொன்று சொன்னார். தீ இருக்க வேண்டியது அக்னி மூலை என்று குடோனின் தென்கிழக்கில் மேசையைப் போடவைத்தவரே அவர்தான். இப்போது வீட்டு ஒர்க் ஏரியா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டார். வடமேற்கு என்றேன். தொடையில் தட்டிக்கொண்டார்.

"வாயு மூலையில்லா அது! வாயு மூலையில இருந்து செஞ்சா அலையத்தான் செய்யும். அக்னி மூலையில வச்சா அடங்கி நேரா நிக்கும். பின்ன என்ன!"

படித்தவள்தானே என்று கேட்காதீர்கள். மூலை பார்க்காமல் எங்கள் ஊரில் கோழிக்கூடு கூட வைக்க மாட்டார்கள். நானும் ஆசாரியும் சேர்ந்து மேசை, சிலிண்டர், செய்த தண்டை மெல்ல ஆறவைக்கும் சின்னச் சூளை எல்லாவற்றையும் குடோனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்தோம். வாயு மூலையில் என் கண்ணாடி முன்னைவிட நேராக வந்தது. ஆசாரி அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார், தென்மேற்கில், கன்னி மூலையில் கதவு இருக்கிறதாம். அந்தக் கதவையும் பலகை அடித்து மூடினோம். புழுக்கம் தாங்காமல் மேசையைக் குடோனின் நட்டநடுவுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழா வந்தது. வீட்டில் எல்லாரும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். தலைவலி என்று சொல்லி நான் மட்டும் தங்கிக்கொண்டேன். அவர்கள் தெருமுனை திரும்பியதும் ஒர்க் ஏரியாவுக்கு ஓடினேன். பழைய சின்ன டார்ச் அங்கேயே கிடந்தது. அதே மேசை, அதே முக்காலி, அதே கடல் காற்று, அதே வாயு மூலை. இங்கே கட்டாயம் வளையும் என்று உட்கார்ந்தேன்.

நேராக வந்தது.

அன்றைக்குத்தான் உண்மையிலேயே பயந்துபோனேன். அறை இருந்தால் வளைவு வரும் என்பதுதான் எனக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை. இப்போது அறையும் இருக்கிறது, கையும் இருக்கிறது, வளைவு இல்லை. என்னிடம் இருந்தது எதுவோ, எனக்கே தெரியாமல் போய்விட்டது என்று நினைத்தேன். கோயிலிலிருந்து திரும்பிய மாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு நெற்றியில் குங்குமத்தை அழுத்தி வைத்தார்.

அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஒருநாள் மாமியார் தூக்குச்சட்டியும் கையுமாக இரண்டு பஸ் மாறி, கேட்டு விசாரித்துக் குடோனுக்கே வந்துவிட்டார். அவர் அந்த இடத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் அப்போது ஒரு தண்டை உருட்டிக்கொண்டிருந்தேன். நெருப்பின் மஞ்சள் கூச்சம் தெரியாமலிருக்க ரோஸ் நிற மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்வேன். போட்டுக்கொண்டால் பக்கவாட்டில் எதுவும் தெரியாது.

"கெழங்கும் மீன் கறியும் கொண்டாந்திருக்கேன் மக்களே, நீ செய்யி, நான் ஜன்னல்ல வச்சிட்டு இருக்கேன்" என்று அவர் குரல் கேட்டது. அவர் எனக்குப் பின்னால் போனார். என் கையில் கண்ணாடி மெல்லத் தலையைத் திருப்பியது.

"மாமி, அசையாதீங்க!" என்று கத்தினேன்.

அவர் தூக்குச்சட்டியோடு அப்படியே உறைந்துபோய், "என்ன மக்களே, பாம்பா?" என்றார்.

பாம்பு இல்லை என்று சொல்லி, தண்டைச் சூளைக்குள் வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்து நெருப்பில் காட்டினேன். இன்னொரு தடவை பின்னால் நடங்கள் என்றேன். நடந்தார். வளையவில்லை. மறுபடி நடந்தார். வளையவில்லை. "நான் நடக்கதுக்கும் ஒனக்க கண்ணாடிக்கும் என்ன?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அவர் கடக்கப்போகும் கணத்துக்காக நான் காத்திருந்தால், என் கை முன்கூட்டியே தயாராகி உருட்டலை விடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் டார்ச்சை அணைத்தேன். ரோஸ் கண்ணாடியைக் கழற்றினேன். முக்காலியில் இருந்தபடியே தலையை மட்டும் பின்னால் திருப்பி, "இப்ப ஜன்னல்லேருந்து தூக்குச்சட்டிய எடுத்துட்டு வாங்க மாமி" என்றேன்.

அப்போதுதான் பார்த்தேன். லாரி திரும்புகிற அகலத்தில், முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகி, வயிற்றை எக்கி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, நண்டு போல அவர் என்னைக் கடந்து போனார். அங்கே துவைகல் இல்லை. கிரைண்டர் இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் எங்கோ கிடந்தது.

"ஏன் மாமி இப்படி நடக்கிய? எடம் கெடக்கே."

"எப்படி நடந்தேன்?" என்றார். அவருக்குத் தெரியவே தெரியாது. குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ எதுக்கு மேசைமேல கவுந்து கெடக்க?"

நான் கவிழ்ந்துதான் கிடந்தேன். வலது முழங்கையை விலாவோடு ஒட்டி, தோளைக் குறுக்கி, மேசை விளிம்பு நெஞ்சில் பதியும் அளவுக்கு முன்னால் சாய்ந்து, பின்னால் போகிறவருக்கு வழி விட்டபடி உட்கார்ந்திருந்தேன். டார்ச் எரியவில்லை, கையில் கண்ணாடி இல்லை. அப்போதும் ஒதுங்கியிருந்தேன்.

தென்னையும் இல்லை, பணிவும் இல்லை, பிரார்த்தனையும் இல்லை. கிணற்றுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் அவர் எனக்கு ஒதுங்கினார், நான் அவருக்கு ஒதுங்கினேன். ஒதுங்குகிற அந்த ஒரு கணம் என் உருட்டல் நின்றது. கண்ணாடி தொய்ந்தது. வீட்டுக்குப் போய் அலமாரியிலிருந்த பழைய தண்டுகளை எடுத்துப் பார்த்தேன். அடியில் ஒரு வளைவு, அவர் வாளியோடு போனது. கழுத்தில் ஒரு வளைவு, தண்ணீரோடு திரும்பியது. இரண்டு வளைவு உள்ளவை எல்லாம் துணி துவைத்த நாளாக இருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அழகு அழகு என்று நான் தூக்கிக்கொண்டு அலைந்தது, இடம் இல்லாத இரண்டு பெண்கள் உடம்பைச் சுருக்கிக்கொண்ட தடம். அவர் ஒருநாளும் என்னை எழுந்திரு என்று சொன்னதில்லை. நானும் ஒருநாளும் நெருப்பை அணைத்துவிட்டு வழி விட்டதில்லை. சண்டை வராமலிருக்க இருவரும் மெலிந்துகொண்டோம், அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

மாமியாரோ கேட்டதும் குஷியாகிவிட்டார். "தெனமும் வாறேன் மக்களே. நடக்கதுதானே? நீ பாக்காத நேரம் பாத்து நடக்கேன்." அவர் செய்திருப்பார். அண்ணாச்சி கேட்டது கிடைத்திருக்கும். ஆனால் என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. இனி எனக்குப் பின்னால் அவர் வயிற்றை எக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். அது எவ்வளவு அழகாக வந்தாலும் வேண்டாம்.

"நீங்க முன்னால வாங்க மாமி" என்றேன்.

இந்த இடம் எதைச் செய்ய விடும் என்று அதுவரை நான் யோசிக்கவே இல்லை. பழைய இடத்தையே இங்கே தேடிக்கொண்டிருந்தேன். கண்ணாடியை உருட்டத்தான் வேண்டும் என்றில்லை, இழுக்கவும் செய்யலாம். உருண்டையாகத் திரட்டி நன்றாக இளக்கி, இரண்டு முனையிலும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, ஒருவர் நின்ற இடத்தில் நிற்க, மற்றவர் பின்னாலேயே நடந்து போனால், சவ்வுமிட்டாயிலிருந்து நூல் இழுப்பது போல நீண்டுகொண்டே வரும். ஒர்க் ஏரியாவில் நான் பின்னால் போயிருந்தால் கிணற்றில் விழுந்திருப்பேன். இங்கே போகலாம்.

மாமியாருக்கும் ஒரு ரோஸ் கண்ணாடியும் தடித்த கையுறையும் மாட்டினேன். "எல்லாம் ரோஸாட்டு தெரியுகு, ஒன்ன பாக்கக் கொள்ளாம், அழகாட்டு இருக்கு" என்றார். இடுக்கியை இறுகப் பிடித்து, காலை அகட்டி ஊன்றி நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் நடந்தேன். நடக்க நடக்க, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கண்ணாடி நீண்டு, வெளுத்து, இறுகியது. இத்தனை வருஷத்தில் வேலை நேரத்தில் நாங்கள் எதிரெதிரே நின்றது அன்றைக்குத்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிற பழக்கம் எனக்கு இருக்கிறதுபோல அவருக்கும் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

என்னைவிட உயரமான தண்டுகள் சேர்ந்தன. மெலிசானவை, ஆகாயத்தில் கோடு கிழித்த மாதிரி நேரானவை. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வளைவு இனி வராது, வேண்டாமென்றால் சரவிளக்குக்குச் சொல்லிவிடுங்கள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். உத்தரத்திலிருந்து கொத்தாகத் தொங்கவிட்டிருந்ததை அவர் நெடுநேரம் சுற்றிவந்து பார்த்தார். நடுவில் ஒன்று மட்டும் குட்டையாக, கழுத்தில் ஒரு வளைவோடு தொங்கியது. அதைக் காட்டி, "இது மட்டும் எதுக்கு?" என்றார்.

கேட்ட வேகத்திலேயே அவரே சொன்னார்: "இருக்கட்டும், இருக்கட்டும். கல்யாண மண்டபம்னா ஒருத்தராவது ஒதுங்கி நிக்கணும்லா." சொல்லிவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். சிரித்துக்கொண்டே, மாட்டுவதற்கு எலக்ட்ரீஷியனை எப்போது அனுப்பட்டும் என்று கேட்டார்.

மாட்டுகிற அன்று மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் இன்னும் பெயின்ட் வாசனை போகவில்லை. எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிக்கொண்டிருந்தார். வாசல் வழியாக வந்த வெளிச்சம் தண்டுகளுக்குள் ஏறி இறங்கியது. எதை எங்கே தொங்கவிடப்போகிறேன் என்று நான் மாமியாரிடம் சொல்லியிருக்கவில்லை. அந்தக் குட்டைத் தண்டை நான் பஞ்சிலிருந்து பிரித்து ஏணிக்கு நீட்டியபோது, மாமியார் ஓரடி முன்னால் வந்தார். தூக்குச்சட்டியோடு அவர் வந்த அன்று நான் சூளைக்குள் வைத்தது அது; எடுத்த பிறகு ஒரே ஒரு தடவைதான் அவர் அதைப் பார்த்திருக்கிறார்.

"தம்பி, பைய, பைய. பாத்துக் கட்டு" என்றார், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "அது நான் நடந்ததாக்கும்."